நடைக்குப் பிறகு அரை மணி நேரம்

என் மகள் தலைப்பிரசவத்துக்காகப் பெரம்பலூருக்கு வந்தபோது வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. அவள் அம்மா இறந்து பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, பிறகு மறுபடியும் எங்களோடு சேர்த்துவிட்டிருந்த வருடங்கள் அவை. மாப்பிள்ளைக்கு அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை. முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று சம்பந்தியம்மா சொன்னார். பிறந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமே என்று நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

பெண் குழந்தை. ஒரு திங்கட்கிழமை காலையில் பிறந்தது. எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். எத்தனை தடவை பால் குடித்தது, எத்தனை துணி நனைத்தது, எத்தனை தடவை வெளிக்குப் போனது, எவ்வளவு நேரம் தூங்கியது. முப்பத்தொரு வருடம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன் நான். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து, அடித்து, தூற்றி, எடைபோட்டு, அந்தக் கிராமத்தின் மகசூல் இவ்வளவு என்று எழுதிக்கொடுக்கிற வேலை. எண்ணாமல் எதையும் நம்பத் தெரியாது. குழந்தையைத் தூக்கக்கூடப் பயந்த எனக்கு எண்ணுவது ஒன்றுதான் கைவந்தது.

குளிப்பாட்ட பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண் வருவாள். ஐம்பது வயதிருக்கும். அவள் குடும்பம் தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். அவளும் இருபத்தைந்து வருடம் நாற்று நட்டவள். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தாள். காலை வியாபாரம் முடிந்ததும் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு, வெந்நீர் ஊற்றிக்கொண்டே பேசுவாள். நான் நோட்டோடு நிற்பதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு.

“என்னா சார், தும்முனதயும் எழுதிட்டீங்களா? ரெண்டு தும்மல். விட்டுடாதீங்க.”

நான் எழுதியிருந்தேன்.

இருபதாம் நாளிலிருந்து மகள் அழ ஆரம்பித்தாள். காரணம் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒரு நாளில் ஏழு தடவை வரை எண்ணினேன். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். காலையில் ஒரு இட்லி, அதிலும் பாதி. கல்லூரியில் கபடி ஆடியவள் அவள். வீட்டுக்குள் நடக்கும்போது கையை வீசி வீசி எதையாவது தட்டிவிடுவாள் என்று அவள் அம்மா திட்டுவாள். அந்தப் பெண் இப்போது கொல்லைக்குப் போவதற்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

நாற்பத்திரண்டாம் நாள் பரிசோதனைக்குப் போனபோது பிரசவம் பார்த்த டாக்டரம்மா அவளிடம் தனியாகப் பேசிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். “உடம்பு நல்லா ஆறிடுச்சுங்க. தினம் அரை மணி நேரம் வேகமா நடக்கச் சொல்லியிருக்கேன். மூச்சு வாங்கணும், ஆனா பேச முடியணும், அந்த அளவுக்கு. மனசுக்கும் நல்லது. விடாம நடக்கட்டும்” என்றார்.

நாற்பத்துநான்காம் நாளிலிருந்து நடந்தாள். விடிந்ததும் விளையாட்டு மைதானத்துக்குப் போவாள். முதல் நாள் மூன்று சுற்று. பத்தாவது நாள் ஏழு. திரும்பி வரும்போது முகம் சிவந்து, ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். வந்ததும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழந்தையை அள்ளி மடியில் போட்டுக்கொள்வாள். இட்லி ஒன்றிலிருந்து மூன்றாயிற்று, பிறகு நான்காயிற்று. அழுகை நின்று ஐந்து நாள் ஆகிவிட்டது என்று நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டேன். அடுத்த தெரு பால்வாடியில் குழந்தைகளைத் துணியில் போட்டுத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு ஒன்று இருந்தது. திங்கட்கிழமைதோறும் கொண்டுபோவேன். ஆறாவது வாரம் மூன்று தொள்ளாயிரம். ஏழாவது வாரம் நாலு கிலோ நூறு. எட்டாவது வாரம் நாலு இருநூறு. எல்லாம் சரியாகவே இருந்தது. அதை எழுதியவனும் நான்தான். இதை மறுபடியும் மறுபடியும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த எட்டாவது வாரத் திங்கட்கிழமை குழந்தை ஒன்பது தடவை வெளிக்குப் போனது. மஞ்சளாக, தண்ணீராக. மறுநாள் குளிப்பாட்ட வந்தவளிடம் சொன்னேன். அவள் குழந்தையின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “புள்ளைக்கு ஒண்ணுமில்ல, கெண்ட மாதிரி துள்ளுது” என்றாள். பிறகு, மகள் அன்று தாமதமாகப் போய் அப்போதுதான் நடந்துவிட்டு வந்து பால் கொடுத்ததைப் பார்த்தவள், “கண்ணு, வேர்த்து விறுவிறுத்து வந்து அப்புடியே வாயில வெக்காத. நாங்கள்லாம் நடவு வயல்லேருந்து கரையேறி வந்தா, ரெண்டு பீச்சு மண்ணுல பீச்சிட்டுத்தான் புள்ளைய எடுப்போம். சூட்டுப் பாலுன்னு சொல்லுவாங்க” என்றாள்.

சொல்லிவிட்டு அவள் அதை மறந்தும்விட்டாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் அந்தச் சொல் நெஞ்சில் போய் அடித்தது.

எங்களுக்கு முதலில் பிறந்தது ஒரு பையன். என் மனைவி அப்போது அரும்பாவூருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பஸ்ஸை விட்டு இறங்கிப் போக இரண்டு மைல், வர இரண்டு மைல் நடை. சாயங்காலம் வெயிலில் நடந்து வந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பிள்ளையை எடுத்துப் பால் கொடுப்பாள். எழுபத்தொன்றாம் நாள் வயிற்றுப்போக்கில் பிள்ளை போய்விட்டது. சூட்டுப் பால் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று என் வீட்டார் சொன்னார்கள். நானும் ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவைதான். அவள் வேலையை விட்டுவிட்டாள். ஆறு வருடம் கழித்துத்தான் இந்த மகள் பிறந்தாள். இவளுக்குப் பால் கொடுத்த பதினாலு மாதமும் என் மனைவி வெயிலில் இறங்கவே இல்லை.

அதனால் ஐம்பத்தேழாம் நாள் நான் ஒரு விதி செய்தேன்.

நடந்துவிட்டு வந்ததும் பால் கொடுக்கக் கூடாது. உடம்பின் சூடு அடங்க வேண்டும். அடங்கியதா என்று எப்படித் தெரியும்? நாடி பிடித்து எண்ணலாம். மகள் வந்து நாற்காலியில் உட்காருவாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவேன். நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பன்னிரண்டு. எண்பதுக்குக் கீழே வர வேண்டும், அதுவும் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பிறகு அறைக்குள் போய், முதலில் ஊறி நிற்கும் பாலை ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் பீய்ச்சிக் கொண்டுவர வேண்டும். நூறு மில்லி பிடிக்கும் டம்ளர். பாதி வரை கோடு கிழித்து வைத்திருந்தேன். பாதி நிறைந்ததும், அதைக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே நானே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து நோட்டில் எழுதுவேன். அதற்குப் பிறகுதான் குழந்தை.

சாயங்காலம் அவள் துணி துவைப்பாள். அதுவும் வேலைதானே, அதிலும் வேர்க்கிறதே என்று அதற்கும் அதே விதியைப் போட்டேன். காலை ஒரு அரை டம்ளர், மாலை ஒரு அரை டம்ளர்.

அந்த அரை மணி நேரம் குழந்தை தூளியில் கிடந்து கத்தும். நான் தூளியை ஆட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பேன். மகள் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தை கத்தக் கத்த அவள் ரவிக்கை நனைந்து இரண்டு வட்டமாகப் பரவும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் காலண்டரைப் பார்ப்பேன்.

“அப்பா, குடுத்துடறம்ப்பா. ஒண்ணும் ஆவாதுப்பா.”

“இன்னும் பதினோரு நிமிஷம்.”

“டாக்டரம்மா அப்படியெல்லாம் சொல்லலையே.”

“டாக்டரம்மாவுக்குப் பிள்ளை செத்ததா?”

இதைச் சொன்னவன் நான். அவள் அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் பேசியதில்லை. பல நாள் அரை மணி முடிவதற்குள் குழந்தை அழுது களைத்துத் தூங்கிவிடும். எழுப்பினால் இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கும். சூடு தணிந்துவிட்டது, குழந்தை அமைதியாக இருக்கிறது என்று எழுதினேன்.

ஒன்பதாவது வாரம் தராசு முள் நாலு இருநூறில் நின்றது. பத்தாவது வாரமும் அதே இடம். பதினோராவது வாரம் நாலு நூறு. பால்வாடி ஆயா தராசைத் தட்டிப் பார்த்தாள். “என்னா சார், எறங்குது?” நான் வீட்டுக்கு வந்து நோட்டை விரித்துவைத்து உட்கார்ந்தேன். நடை ஆரம்பித்த நாள், எடை நின்ற நாள். இரண்டையும் ஒரு தாளில் எழுதி அம்புக்குறி போட்டேன். நடைதான். வேறென்ன? உண்மையில் அதற்கு ஐந்து நாளைக்கு முன்பே, எழுபத்திரண்டாம் நாளே, நடையை நிறுத்தச் சொல்லியிருந்தேன். அதுவரை சேர்ந்த சூடு இன்னும் இறங்கவில்லை என்று முடிவு செய்தேன்.

நடையை நிறுத்தச் சொன்ன அன்று அவள் கேட்டாள்: “அது ஒண்ணுதாம்ப்பா எனக்கு மூச்சு விடற எடம். அதையும் எடுத்துக்காதீங்க.”

“குழந்தையைவிட உனக்கு நடை முக்கியமா?”

அவள் செருப்பை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள். அவ்வளவுதான். சண்டை போடவில்லை. மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். குழந்தை அழுதால் எழுந்து உட்காருவாள், கொடுப்பாள், படுப்பாள். மாலையில் துணி துவைப்பது, காலையில் வாசல் பெருக்கித் தண்ணீர் தூக்குவது எல்லாம் தொடர்ந்தது. ஆகவே டம்ளரும் தொடர்ந்தது. முன்பு மூன்று நிமிடத்தில் பாதிக் கோட்டைத் தொட்ட பால், இப்போது பதினைந்து நிமிடம் பீய்ச்சினாலும் தொடவில்லை. “வரலப்பா” என்பாள். “கொஞ்சம் பாரு” என்பேன். கோட்டைத் தொடும் வரை விடமாட்டேன்.

நனைந்த துணிகள் ஒரு நாளைக்குப் பதினாலு இருந்தது பத்தாயிற்று. எட்டு. ஞாயிற்றுக்கிழமை ஐந்து. அந்த ஐந்தை எழுதும் முன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். குழந்தை அழுகையையும் குறைத்துக்கொண்டிருந்தது. அழுகை குறைந்தால் நல்லது என்று நினைக்கும் வீட்டில் அது எவ்வளவு கெட்ட அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். கையைத் தூக்கிவிட்டால் அப்படியே விழும்.

எண்பத்துநான்காம் நாள், திங்கள். நாலு கிலோ. ஆயா முள்ளைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தாள். “சார், எழுதறதெல்லாம் அப்புறம். ஆட்டோ புடிங்க” என்றாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு டாக்டர் இளவயதுப் பெண். குழந்தையின் வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தார். உச்சிக் குழியைத் தொட்டுப் பார்த்தார். தொடைத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். நான் ஜன்னலோரம் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் வந்து மகளிடம், “குழந்தைக்கு நோய் எதுவும் தெரியலைம்மா. பசிதான்” என்றார்.

பசி. என் வீட்டில்.

“எத்தன தடவை பால் குடுக்கறீங்க?” என்று கேட்டார். நான் நோட்டை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன், ஆச்சரியப்பட்டார். “இவ்வளவு எழுதியிருக்கீங்களே சார்” என்றார். பிறகு ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். “இது என்ன, காலை அரை, மாலை அரை?”

“பீய்ச்சி ஊற்றிய பாலுங்க.”

“எங்க ஊத்துனீங்க?”

“கொல்லையில.”

அவர் விரல் அந்தக் கட்டத்தில் கீழே இறங்கிக்கொண்டே போனது. “இதைக் கூட்டிப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடம் கூட்டல் போட்டுச் சாப்பிட்டவன், அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் அடியில் மொத்தம் போடவில்லை. அங்கேயே மனதுக்குள் போட்டேன். இருபத்தேழு நாள். நாளைக்கு ஒரு டம்ளர். இரண்டு லிட்டர் எழுநூறு மில்லி. களத்தில் கதிர் அடிக்கும்போது படுதாவுக்கு வெளியே ஒரு கைப்பிடி நெல் தெறித்தால்கூட, அதைப் பொறுக்கிச் சேர்க்காமல் எடை போட விடமாட்டேன். சிந்தியதைச் சேர்க்காவிட்டால் வயல் மீது பொய் சொல்வதாகும் என்று கூலியாட்களிடம் கத்துவேன். இங்கே சிந்தியது நானே. பழி போட்டது வயல் மீது.

டாக்டர் மகளிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை. “நடந்தா பால் கெடாதும்மா. வேகமா நடந்தாலும் ஓடினாலும் பால் பாலாத்தான் இருக்கும். உள்ள இருக்கற பால் வெயில்ல வெச்ச சொம்பு மாதிரி சூடாகாது. வேர்வை உப்புக் கரிக்கும், அதுக்காகக் குழந்தை மூஞ்சியச் சுளிக்கலாம். ஈரத்துணியால தொடச்சிட்டு ஒடனே குடு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை குடுத்துட்டுப் போனா மார் கனக்காது. தண்ணி நிறையக் குடி, பசிச்சா சாப்பிடு. தாய்ப்பால் குடிக்கற குழந்தை ஒம்போது தடவை வெளிக்குப் போறதும் நோயில்ல. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். காக்க வெச்சா, யாருக்கும் வேணாம் போலன்னு ஒடம்பு நிறுத்திக்கும்.”

நான் கேட்டேன்: “இரண்டு மைல் வெயில்ல நடந்து வந்து கொடுத்த பாலால ஒரு குழந்தை சாகுமாங்க?”

“சாகாதுங்க. யாரு குழந்தை?”

“பழைய கதை. வயிற்றுப்போக்கு.”

“அம்மா வெளிய போயிருக்கும்போது வேற ஏதாவது குடுத்தாங்களா? புட்டிப் பால், சக்கரைத் தண்ணி?”

கொடுத்தோம். புட்டியில் மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, பகல் முழுக்க. அதைச் சொன்னேன். “அந்தப் புட்டிதாங்க” என்றார். நான் வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. பதினெட்டு மாதமும் அதற்குமேல் எண்பத்துநாலு நாளும் தாமதம் என்று மனம் தானாக எண்ணியது. தாமதம் அதுவல்ல. முப்பத்துநான்கு வருடம்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்பில் போட வேண்டும், மிச்சத்தைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் புகட்ட வேண்டும். மகள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வாள். இட்லிக் கடைக்காரி இரண்டாம் நாள் பார்க்க வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

“நான் ரெண்டு பீச்சு மண்ணுல பீச்சுன்னு சொன்னேன் சார். ரெண்டு சொட்டு. அது மனசுக்காவ செய்யறது. நீங்க டம்ளரு வெச்சு அளந்திருக்கீங்க. கையக் கட்டிக்கிட்டு ஒக்கார வெச்சிருக்கீங்க. வயல்ல கங்காணிகூட எங்கள புள்ள கத்துனா போடின்னு வுட்டுடுவான்.”

“நீ அதை அப்போதே சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கதவ சாத்திக்கிட்டுச் செஞ்சத நான் எங்கேருந்து பாப்பேன்? நான் வர நேரத்துல புள்ள தூங்கிக்கிட்டுல்ல இருந்துச்சு? படிச்சவுரு, நல்லாப் பாத்துக்குறாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சம்பந்தியம்மா அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். நான் வாராவாரம் எடையை எழுதி அவருக்குக் கடிதம் போட்டிருந்தேன். நடைதான் காரணம் என்றும் எழுதியிருந்தேன். இப்போது டாக்டர் சொன்னதைச் சொன்னபோது அவர் கேட்கத் தயாராயில்லை.

“நீங்கதானே சம்பந்தி எழுதுனீங்க, நடந்து நடந்து பால் வத்திப்போச்சுன்னு? இப்ப நடக்கட்டுங்கறீங்க.”

“தப்பா எழுதிட்டேன். தப்பு என் மேலதான்.”

“பொண்ணு மேல பாசத்துல சொல்றீங்க. பால் இல்லாதவகிட்ட போட்டு ஏன் புள்ளையக் காயப் போடணும்? நாங்க கூட்டிட்டுப் போறோம். புட்டிப்பால் குடுத்து நான் தேத்திடுவேன்.”

புட்டி. கொடுக்கலாம், சுத்தமாகக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் குழந்தை பிழைக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று அந்தச் சொல்லில் எனக்கு எழுபத்தொன்றாம் நாள்தான் கேட்டது. மகள் கட்டிலிலிருந்து சொன்னாள், “பால் வரும் அத்தை. ஒரு வாரம் குடுங்க.” வீடு திரும்பி, தொண்ணூற்றொன்றாம் நாள் திங்கட்கிழமை எடை பார்த்தோம். நாலு கிலோ. முள் அசையவில்லை. சம்பந்தியம்மா போனில் சொன்னார்: “அடுத்த திங்கக்கெழம நான் வரேன். அன்னிக்கு ஏறலன்னா புள்ளையத் தூக்கிட்டு வந்துடுவேன்.”

மறுநாள் விடிகாலையில் மகள் அலமாரிக்கு மேலிருந்த செருப்பை எடுத்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, அதை என்னிடம் நீட்டினாள். நான் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மைதானத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவள் நடந்தாள். முதல் சுற்றில் தோள் குனிந்திருந்தது. மூன்றாவது சுற்றில் கை வீசத் தொடங்கியது. குழந்தை முனகியது. நான் எழுந்து நின்றேன். அவள் எதிர்க் கோடியிலிருந்து குறுக்கே வந்தாள், ஓடியே வந்தாள். பாட்டில் தண்ணீரால் முந்தானையை நனைத்துத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் படியில் உட்கார்ந்து குழந்தையை வாங்கினாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். குழந்தை இழுப்பதும், விடுவதும், கோபமாகக் கத்துவதும் கேட்டது. பால் போதவில்லை. பத்து நிமிடம் அந்தச் சத்தம். நான் அந்தப் பத்து நிமிடமும் மைதானத்தின் கம்பி வேலியைப் பார்த்தபடி, அந்தச் சத்தம் நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று நின்றேன். ஐந்தாவது நாள், கத்தலுக்கு நடுவில் ஒரு தடவை மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. எண்ணினேன். பதினேழு. திரும்பி அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. என் எண்ணிக்கையை அவள் நம்ப வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது?

தொண்ணூற்றெட்டாம் நாள் பால்வாடியில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். சம்பந்தியம்மா ஒரு பையில் புதுப் புட்டியும் பால் மாவு டப்பாவும் கொண்டுவந்திருந்தார். பையின் வாய் திறந்து டப்பாவின் மூடி தெரிந்தது. ஆயா துணியைத் தொங்கவிட்டுக் குழந்தையை அதில் வைத்தாள். துணி ஆடியது. குழந்தை உதைத்ததால் முள்ளும் ஆடியது. அது நிற்க வெகுநேரம் பிடித்தது.

முள் நாலு நூறுக்கும் நாலு இருநூறுக்கும் நடுவில் நின்றது. நடுவில்கூட அல்ல. நூறுக்குப் பக்கத்தில். நான் நேர் எதிரே நின்றேன். ஆயா இடது பக்கமாக நின்றாள். அங்கிருந்து பார்த்தால் முள் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். எத்தனையோ களத்தில் எத்தனையோ பேரை நேரே வந்து நின்று பார் என்று இழுத்து நிறுத்தியிருக்கிறேன்.

“நாலு எரநூறு” என்றாள் ஆயா.

“எரநூறா?” சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். “சம்பந்தி, நீங்க பாத்து சொல்லுங்க. நீங்கதான் கணக்கா சொல்லுவீங்க.”

நூறு கிராம் ஏறியிருக்கிறது என்பது நிச்சயம். நூற்றிருபது இருக்கலாம். இருநூறு இல்லை. ஒரு வாரத்தில் இரண்டு மாம்பிஞ்சு எடை. அது போதுமா, அல்லது நான் இரண்டாவது முறையும் என் பிழையால் ஒரு பிள்ளையைக் கொல்லப் போகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை.

“எரநூறுதாங்க” என்றேன்.

அவர் பையின் வாயை மடித்துக்கொண்டார். “சரி. இன்னும் ஒரு வாரம் பாப்போம்” என்றார்.

மகள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளும் நேர் எதிரேதான் நின்றிருந்தாள் என்பது திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முள்ளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பதினான்கு நாளில் முதல் தடவை. முன்னால் வந்து, துணியிலிருந்து குழந்தையைத் தூக்கி, அங்கேயே ஆயாவின் முக்காலியில் உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள்.